நாக்ஸ்வில் மண் பந்தயத் தளத்தில் எங்கே உட்காருவது?

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள நாக்ஸ்வில் பந்தயத் தளத்தில் ஆகஸ்டு மாதம் நடைபெறும் ஸ்பிரின்ட் கார் (மண் தளத்தில் ஓடும் சிறிய, அதிவேகப் பந்தய வண்டி) நேஷனல்ஸ் பந்தயத்திற்கு என் அப்பாவை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். 1961 முதல் நடந்துவரும் அந்தப் பந்தயத்தை முன்பே பார்த்தவர்களின் உதவி தேவை.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, அரை மைல் நீளமுள்ள அந்த நீள்வட்டக் களிமண் தளத்தைத் தனியாகப் போய்ப் பார்த்தேன். விவரம் தெரியாமல் திருப்பத்தின் அருகே கீழ்வரிசையில் உட்கார்ந்ததால், வண்டிகள் பக்கவாட்டில் சறுக்கித் திரும்பிய ஒவ்வொரு முறையும் ஈரமான கரிய மண்ணுருண்டைகள் என் பாப்கார்னில் வந்து விழுந்தன. (பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை.)

அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்தவர். ஸ்டார்ட்டர் மோட்டாரே இல்லாத அந்த வண்டிகளைப் பின்னாலிருந்து இன்னொரு வண்டி தள்ளிக் கிளப்புவதையும், எப்போதும் இடப்பக்கமே திரும்புவதற்கேற்ப வலது பின்சக்கரத்தை இடதுசக்கரத்தைவிடப் பெரிதாக மாட்டியிருப்பதையும் அவர் அருகில் நின்று பார்க்க ஆசைப்படுகிறார். ஆகவே, பொதுமக்களை வண்டிகள் நிற்கும் பகுதிக்குள் எப்போது அனுமதிக்கிறார்கள், மண் வந்து விழாமல் தளம் முழுவதும் தெரிய எத்தனையாவது வரிசைக்கு மேல் இருக்கை வாங்க வேண்டும், காது கேட்கும் கருவி அணிந்திருக்கும் அவர் அந்தப் பேரிரைச்சலை எவ்வாறு சமாளிப்பது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன். இருக்கைகள் விரைவில் தீர்ந்துவிடக்கூடும் என்பதால் இந்த வார இறுதிக்குள் பதிவு செய்ய எண்ணியுள்ளேன்.