மறு: பிஎச்சுக்குக் கலைச்சொல்: ‘அமிலத்தன்மை’ சரிப்படாது

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பிஎச் (pH) என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

சென்ற வாரம் ஒரு மருத்துவக் கட்டுரையின் மொழிபெயர்ப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். “நோயாளியின் இரத்த அமிலத்தன்மை 7.4இலிருந்து 7.1ஆகக் குறைந்துவிட்டது” என்று இருந்தது. தமிழில் பிழையே இல்லை, பொருள்தான் தலைகீழ். பிஎச் என்பது ஒரு கரைசலின் அமில, கார நிலையைக் காட்டும் எண்; அது குறைந்தால் அமிலம் கூடுகிறது. 7.4இல் லிட்டருக்கு ஏறத்தாழ 40 நானோமோல் ஹைட்ரஜன் அயனி; 7.1இல் 80. இருமடங்கானதைக் ‘குறைந்துவிட்டது’ என்று அச்சேற்ற இருந்தோம். மொழிபெயர்த்தவரைக் குறை சொல்ல மாட்டேன். பிஎச் வரும் இடத்திலெல்லாம் ‘அமிலத்தன்மை’ என்று போட்டுவிடும் நம் வழக்கம்தான் அவரைக் கவிழ்த்தது.

ஆகவே அந்தச் சொல்லை நம் கலைச்சொல் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்கிறேன்.

பிஎச்சுக்கு வழங்கும் இன்னொரு சொல்லான ‘காரகாடித்தன்மைச் சுட்டெண்’ எவ்வளவோ மேல். சுட்டெண் என்றதும் அது வெறும் எண் என்று புரிந்துவிடுகிறது. ஆனால் அதற்குள் ‘காரம்’ உட்கார்ந்திருக்கிறது; வேதியியலில் அது அமிலத்துக்கு எதிரானது. “காரத்தன்மையுள்ள உணவு உடலுக்கு நல்லது” என்று எழுதினால் பாதிப் பேர் மிளகாயைத்தான் நினைப்பார்கள். பழைய பெயர்களும் கைகொடுக்கவில்லை: படிகாரத்தின் பெயரிலேயே காரம் இருக்கிறது, நீரில் கரைத்து அமிலம், காரம் காட்டும் தாளை நனைத்தால் அமிலம் என்று காட்டுகிறது!

என் முன்மொழிவு இது. 1909இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் சோரன்சன் இந்த அளவையை வகுத்தார். அவர் வைத்த ‘பி’ எந்த மொழியின் எந்தச் சொல்லுக்கு முதலெழுத்து என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. கணக்கு மட்டும் தெளிவு: ஹைட்ரஜன் அயனிச் செறிவின் மடக்கையை (லாகரிதம்) எடுத்துக் குறியை மாற்றினால் பிஎச். ஓர் எண் இறங்கினால் பத்து மடங்கு, 0.3 இறங்கினாலே இரண்டு மடங்கு. ‘எதிர்மடக்கை’ என்று வைக்கலாமே என்று முதலில் தோன்றியது. பள்ளிக் கணக்கில் அது வேறொன்றுக்குப் பெயராகி முப்பாட்டன் காலத்திலேயே இடம் பிடித்துவிட்டது. எனவே ‘ஹைட்ரஜன் மடக்கெண்’. இதே அச்சில் ‘ஹைட்ராக்சைடு மடக்கெண்’, ‘அமிலப் பிரிகை மடக்கெண்’ என்று குடும்பமே வார்த்துக்கொள்ளலாம்.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

*

ஐயா, வணக்கம்.

மடக்கெண் வேதியியல் பாடநூலுக்குப் பொருந்தும். ஆனால் மருத்துவராகச் சொல்கிறேன், மருத்துவமனையில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ‘பிஎச்’ என்றே தமிழெழுத்தில் விட்டுவிடுங்கள். ‘அமிலத்தன்மை’யை நீக்குவதை மட்டும் இரு கையாலும் ஆதரிக்கிறேன். நெஞ்செரிச்சலை மக்கள் ‘அசிடிட்டி’ என்கிறார்கள், அதையும் ‘அமிலத்தன்மை’ என்றே எழுதுகிறோம். பிறகு “உங்கள் உடலில் அமிலத்தன்மை” என்று விளம்பரம் வந்தால் எல்லோருக்கும் வயிறு எரிவது நினைவுக்கு வராமல் என்ன செய்யும்?

உடல் என்றால் எந்த இடம்? இரைப்பைச் சாறு 1.5 முதல் 3.5. தமனி இரத்தம் 7.35 முதல் 7.45. சிறுநீர் 4.5இலிருந்து 8 வரை எங்கும் அலையும். ‘உடலின் பிஎச்’ என்று ஒன்றே கிடையாது. கார நீரைக் குடித்தால் முதலில் அது இரைப்பை அமிலத்தைச் சந்திக்கிறது. எஞ்சியது இரத்தத்துக்குப் போனாலும் அங்கே பிஎச் அதிகம் மாறாமல் பார்த்துக்கொள்ளும் பைகார்பனேட் தாங்கல் காத்திருக்கிறது. நுரையீரல் நிமிடக் கணக்கில் சரிசெய்யும், சிறுநீரகம் நாள் கணக்கில். சிறுநீரில் தாளை நனைத்து “அமிலமாகிவிட்டேன்” என்று பயந்து வருகிறவர்களிடம் நான் சொல்வது: சிறுநீரகம் அமிலத்தை வெளியே கொட்டுகிறது, அதன் வேலையே அதுதான்.

இரத்தத்தின் பிஎச் உண்மையாகவே இறங்குவது வேறு கதை: கட்டுமீறிய நீரிழிவில் கீட்டோன் அமிலங்கள் சேரும்போது, சிறுநீரகம் செயலிழக்கும்போது, கடும் தொற்றின்போது. எலுமிச்சைச் சாறு அதைச் சரிசெய்யாது. ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: யூரிக் அமிலச் சிறுநீரகக் கற்களுக்குச் சிட்ரேட் மருந்து கொடுத்துச் சிறுநீரைக் காரமாக்குகிறோம், பலன் உண்டு. ஆனால் மாறுவது சிறுநீர், இரத்தம் அல்ல.

எனக்குத் தேவையான சொற்கள் இரண்டு. இரத்தத்தில் அமிலம் மிகுந்திருக்கும் நிலைக்கு ஒன்று, அந்தப் பக்கம் தள்ளும் கோளாறுக்கு ஒன்று. பின்னதற்குப் பழக்கத்தில் இருக்கும் ‘அமிலத்தேக்கம்’ பரவாயில்லை. எதிர்ப்பக்கத்துக்குக் ‘காரத்தேக்கம்’ என்கிறார்களே, அதுதான் இடிக்கிறது. பதற்றத்தில் ஒருவர் வேகவேகமாக மூச்சுவிடுகிறார், கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுகிறது, பிஎச் ஏறுகிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. அங்கே எதுவும் தேங்கவில்லை, போய்விட்டது!

*

அன்புள்ள டாக்டர்,

‘பிஎச்’ என்றே விட்டுவிடுகிறேன், மடக்கெண் விளக்க வரியில் மட்டும் இருக்கட்டும். அது பாடநூலுக்குப் பிழைத்துக்கொள்ளும்.

தேக்கம் பற்றி நீங்கள் சொன்னதற்கு மறுபேச்சில்லை. கரியமில வாயு என்று பெயர் வைத்தவர் அமிலத்தை உள்ளேயே பொதிந்து வைத்திருக்கிறார், பாருங்கள். வாயு போனால் அமிலமும் போகிறது. தராசுத் தட்டை நினைத்து, கோளாறுகளுக்கு ‘அமிலச் சாய்வு’, ‘காரச் சாய்வு’ என்று எழுதிப் பார்த்தேன். ஒன்று கூடினாலும் சாயும், மற்றது குறைந்தாலும் சாயும். நிலைக்குக் ‘குருதி அமிலமிகை’, ‘குருதிக் காரமிகை’. காரமிகை என்றதும் மறுபடி மிளகாய் வருகிறது, தெரிகிறது. ‘குருதி’ முன்னால் நிற்பதால் தப்பிக்கலாமா, அல்லது அங்கே மட்டும் வேறு சொல் தேடலாமா?