கீழே பால் திரிகிறது, மேலே ஐஸ் பாறையாக நிற்கிறது. அவசர உதவி!

வைகைக்கரை:
ஃப்ரிட்ஜ் குளிரவில்லை. நேற்று காலையில் வாங்கிய பால் சாயங்காலம் காய்ச்சும்போது திரிந்துபோனது. இட்லி மாவு ஒரே ராத்திரியில் பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. ஆனால் ஃப்ரீசரில் ஐஸ் இருக்கிறது. அப்பாவின் இன்சுலின் உள்ளே இருக்கிறது. கேஸ் போய்விட்டதா? யாராவது உடனே சொல்லுங்கள்.

மாடிவீடு:
ஒரு கதவா, இரண்டு கதவா? வாங்கி எத்தனை வருஷம்?

தாமிரபரணி:
ஸ்டெபிலைசர் இருக்கிறதா? எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கினால் இப்படித்தான் ஆகும்.

கத்திரிவெயில்:
முதலில் இன்சுலினைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர்ச்சிக்காக ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள், உறைந்த இன்சுலினைத் தூக்கித்தான் போட வேண்டும். பால், மாவெல்லாம் அப்புறம்.

பழைய மெக்கானிக்:
மாடல், கதவு, வயது எதுவும் சொல்லாமல் கேஸ் போய்விட்டதா என்று கேட்டால் எப்படி? பலமுறை எழுதிவிட்டேன், ஐஸ் எங்கே கட்டுகிறது என்று பார்க்காமல் ஃப்ரிட்ஜைப் பற்றிப் பேசக் கூடாது. ஃப்ரீசரின் பின்சுவர் முழுக்கப் பரவியிருந்தால் டீஃப்ராஸ்ட் கோளாறு, அதாவது ஐஸைத் தானாக உருக்கும் அமைப்பு வேலை செய்யவில்லை. கதவோரம் ஒரு மூலையில் மட்டும் என்றால் கேஸ்கெட், அதாவது கதவைச் சுற்றியுள்ள ரப்பர். பின்பலகையைக் கழற்றினால் காயிலின் (கேஸ் ஓடும் குளிர்க்குழாயின்) ஒரு முனையில் மட்டும் பனி, மீதி வெறுமை என்றால்தான் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம்.

வைகைக்கரை:
மன்னிக்கவும் சார். இரண்டு கதவு, ஃப்ராஸ்ட் ஃப்ரீ, ஏழு வருஷம். பின்சுவர் முழுக்க வெள்ளையாக இருக்கிறது. கரகரவென்று ஒரு சத்தமும் வந்தது, இப்போது அதுவும் இல்லை. கத்தியால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன்.

பழைய மெக்கானிக்:
கத்தியைக் கீழே வையுங்கள்! காயிலில் ஒரு கீறல் விழுந்தால் கேஸ் வெளியேறிவிடும். ஆர்600ஏ கேஸ் என்றால் அது தீப்பற்றக்கூடியது.
கரகர என்றது ஃபேன் ஐஸில் உரசிய சத்தம். இப்போது ஃபேன் நின்றிருக்கும். ஃப்ரீசரின் குளிர்காற்றைக் கீழே தள்ளுவதே அந்த ஃபேன்தான். ஐஸை உருக்கும் ஹீட்டர், குளிரில் அதற்கு மின்சாரம் விடும் பைமெட்டல் சுவிட்ச், நேரம் பார்த்து அதை இயக்கும் டைமர் மூன்றில் ஒன்று போயிருக்கும்.

மாடிவீடு:
கேஸ்கெட்டையும் பார்த்துவிடுங்கள். கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுங்கள். லேசாக வந்துவிட்டால் ரப்பர் தளர்ந்திருக்கிறது.

தாமிரபரணி:
எல்லாம் சரி, ஸ்டெபிலைசர் பற்றி யாருமே பேசவில்லையே.

மாடிவீடு:
வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் என்றால் பெரும்பாலும் அது தேவையில்லை. எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள்.

தாமிரபரணி:
ஏழு வருஷத்துப் பெட்டி இன்வெர்ட்டர்தான் என்று யார் சொன்னது? கரண்ட் போய் உடனே வந்தால் கம்ப்ரஸர் அழுத்தத்தோடு கிளம்பத் திணறும். ஸ்டெபிலைசர் மூன்று நிமிஷம் தாமதிப்பது அதற்காகத்தான். போன கோடையில் நான் ஒரு கம்ப்ரஸரை இழந்திருக்கிறேன்.

மாடிவீடு:
உங்கள் கம்ப்ரஸர் போனதற்கும் இவர் வீட்டு ஐஸுக்கும் என்ன சம்பந்தம்?

பழைய மெக்கானிக்:
இருவரும் தனி இழை தொடங்குங்கள். வைகைக்கரை, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து, கீழே பழைய துணி விரித்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். பிறகு போட்டால் சில நாள் நன்றாகக் குளிரும். மறுபடி பின்சுவர் வெளுத்தால் டீஃப்ராஸ்ட் கோளாறு உறுதி. மெக்கானிக் வந்ததும் கேஸ் ஏற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஹீட்டரையும் பைமெட்டலையும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பைமெட்டலைக் குளிர்ந்த நிலையில்தான் சோதிக்க வேண்டும், அறைச்சூட்டில் நல்ல பைமெட்டலே திறந்திருக்கும், மின்சாரம் பாயாது.

கத்திரிவெயில்:
இன்சுலின் என்ன ஆயிற்று?

(ஒன்பது நாள் கழித்து)

வைகைக்கரை:
பைமெட்டல்தான். ஐந்தாம் நாளே மறுபடி வெளுத்துவிட்டது. மாற்றியாச்சு. பழைய இன்சுலினை மருந்துக்கடைக்காரர் வேண்டாம் என்றார், புதிதாக வாங்கினோம். பால் திரியவில்லை. எல்லோருக்கும் நன்றி.

தாமிரபரணி:
நல்லது. மொத்தம் எவ்வளவு ஆயிற்று? ஸ்டெபிலைசர் போட்டீர்களா?