அப்பாவுக்கு வீட்டில வச்சு மரண சாசனம் எழுதணும், உதவி தேவை

வணக்கம், நாங்க திருகோணமலை உப்புவெளி. அப்பாவுக்கு 78 வயசு, மாசியில ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் ஏலாது, பேச்சு கொஞ்சம் குழறும் ஆனா நினைவு நல்ல தெளிவு. அம்மா இல்லை. வீடும் வளவும் அப்பா உழைச்சு வாங்கினது, உறுதி அவர் பேரிலதான். எழுதாம விட்டா பிள்ளையள் மூண்டு பேருக்கும் சரிசமனாப் போயிரும், அவர் கேக்கிறது கலியாணம் கட்டாம தன்னைப் பாக்கிற தங்கச்சிக்கு வீடு சேரணும் எண்டு, எனக்கும் கனடால இருக்கிற அண்ணனுக்கும் முழுச் சம்மதம்.

டவுன்ல லோயர் ஒருத்தர் ஒபிஸுக்கு கூட்டிக்கொண்டு வரச்சொன்னார், ஓட்டோல அவரால இருக்கவே ஏலாது. இன்னொருத்தர் இப்பவே நன்கொடை உறுதி முடிங்க எண்டார், அப்பா தன்ர காலத்துக்குப் பிறகுதான் எண்டதில உறுதியா இருக்கார், அது அவர்ர உரிமை. இலங்கையின்ர 1840 மோசடித் தடுப்புச் சட்டப்படி மரண சாசனத்துக்கு நொத்தாரிசும் (உறுதி, சாசனம் எழுதி அத்தாட்சிப்படுத்திறவர்) ரெண்டு சாட்சியும் வேணும், இல்லாட்டி நொத்தாரிசு இல்லாம அஞ்சு சாட்சி ஒண்டா நிண்டு கையெழுத்து வைக்கணும். சாசனத்தால சொத்து கிடைக்கிற ஆள் சாட்சிக் கையெழுத்து வச்சா அவருக்கு எழுதினது செல்லாது, அதால தங்கச்சியை விட்டு அயலாக்களைக் கேட்டு வச்சிருக்கன், டொக்டரும் நினைவு சரி எண்டு கடிதம் தாறன் எண்டவர்.

திருகோணமலையில வீட்டுக்கே வந்து, பெருவிரல் அடையாளம் எடுத்து மரண சாசனம் முடிச்சுத் தாற தமிழ் நொத்தாரிசு ஆரையாவது தெரியுமா?