சேலத்திலிருந்து போகும் எலிஸ்பாட் ரத்தம்: புள்ளியே விழவில்லை, ரிப்போர்ட்டை நம்பலாமா?

ஐந்துரோடு லேப்:
கிட்னி மாற்று ஆனவர்களிடம், டோனர் செல்லைக் கண்டு கிளர்ந்தெழும் டி செல்களை எண்ணும் இன்டர்ஃபெரான் காமா எலிஸ்பாட்டுக்கு (இன்டர்ஃபெரான் காமா சுரக்கும் ஒவ்வொரு செல்லும் ஒரு புள்ளியாகத் தெரியும் டெஸ்ட்) ரத்தம் எடுத்துக் கோவைக்கு அனுப்புகிறோம். ஹெப்பாரின் பச்சை மூடி டியூப், ஐஸ் பாக்ஸ், சாயங்கால பஸ். மறுநாள் காலையில்தான் அங்கே பிரிக்கிறார்கள். பிஎச்ஏ (டி செல்களைத் தூண்டும் பொருள், கன்ட்ரோலுக்காக) போட்ட வெல்லிலேயே (தட்டிலுள்ள குழி) புள்ளி சொற்பம், டோனர் வெல்லில் பூஜ்யம். ரிஜெக்‌ஷன் (உடல் புதுக் கிட்னியை நிராகரிப்பது) ஆபத்து குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா? ஏற்காட்டில் எடுத்து வருவது இன்னும் மோசம்.

பஃபிகோட்:
கூடாதுங்க. பிஎச்ஏ எந்த டி செல்லையும் உசுப்பும். அதற்கே பதில் இல்லை என்றால் டெஸ்ட் செல்லாது. அந்தப் பூஜ்யத்தை ரிப்போர்ட்டில் எழுதியதே தப்பு.

முதல் குற்றவாளி நேரம். 8 மணி நேரத்துக்குள் ஃபைகாலில் (அடர்த்தியை வைத்து ரத்த செல்களைப் பிரிக்கும் திரவம்) ஏற்றுவது நல்லது. அதைத் தாண்டினால் நியூட்ரோஃபில்கள் (வேறொரு வகை வெள்ளை அணு) தூண்டப்பட்டு அடர்த்தி குறையும். அடியில் இறங்க வேண்டியவை லிம்ஃபோசைட் (டி செல்கள் இருக்கும்) வளையத்தோடு மிதந்து வந்து டி செல்களை அடக்கும். எண்ணிக்கையும் ஏமாற்றும்: வெல்லுக்கு 3 லட்சம் செல் என்று போடுவதில் பாதி வேறு எதுவோ. வளையம் சிவப்பு தட்டியிருந்தால் அப்போதே சந்தேகப்படுங்க.

அடுத்தது ஐஸ். இந்த டியூப் 18 முதல் 25 டிகிரியில் இருக்கணும். சித்திரை வெயிலில் வெறும் பையில் வைத்தாலும் கெடும். மார்கழியில் ஏற்காட்டுக் குளிரில் ஐஸே வேண்டாம், தானாகவே 18-க்குக் கீழே போய்விடும். ஜெல் பேக்கை ஃப்ரீசரில் வைக்காமல் ஏசி அறையில் 22 டிகிரிக்குக் கொண்டுவந்து, தெர்மாகோல் பெட்டியில் டியூபைச் சுற்றி அடுக்குங்க. ஏற்காட்டு நோயாளி காலை டாக்ரோலிமஸ் (கிட்னியை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் மருந்து) போடாமல் சேலம் இறங்கி வந்து ரத்தம் கொடுப்பதே மேல். டிரஃப் லெவலுக்கான (அடுத்த டோஸுக்கு முன் ரத்தத்தில் இருக்கும் மருந்தின் அளவு) ஈடிடிஏ டியூபும் அதே குத்தலில் ஆகிவிடும். காலை 7 மணிக்கு எடுத்தால் பகலிலேயே கோவை போய்ச் சேரும்.

நெஃப்ரோ 2:
அனுப்பும் படிவத்தில் இன்டக்‌ஷன் மருந்தை (மாற்று நேரத்தில் எதிர்ப்பு சக்தியை அடக்கக் கொடுப்பது) எழுதுங்க. தைமோகுளோபுலின் வாங்கியவருக்கு டி செல்களே வடிந்திருக்கும். பூஜ்யத்துக்கு அதுவே போதும். பல ஆய்வுகளில் 3 லட்சம் செல்லுக்கு 25 புள்ளி என்று வரம்பு வைத்தார்கள், ஆனால் ஒவ்வொரு லேபும் தன் வரம்பைச் சரிபார்க்கணும். டோனர் செல் தனியாகப் போட்ட வெல்லும் இருக்கிறதா என்று கேளுங்க. கதிர்வீச்சு காட்டாத, டி செல் நீக்காத டோனர் செல்லாக இருந்தால் அதுவே புள்ளி போடும், பழி நோயாளி மேல் விழும்.

எல்லாம் சரியாக வந்தாலும் இது டி செல் கதை மட்டும்தான். ஆன்டிபாடி வழி ரிஜெக்‌ஷனுக்கு டிஎஸ்ஏ (டோனருக்கு எதிரான ஆன்டிபாடி) தனியாகப் பார்க்கணும். கிரியேட்டினின் ஏறினால் இதற்காகக் காத்திருக்காதீங்க, பயாப்சிதான்.

ஐந்துரோடு லேப்:
பகல் ட்ரிப் எப்போதும் கிடைக்காது. வேறு வழி?

பஃபிகோட்:
சேலத்திலேயே பிரித்து உறைய வையுங்க. ஃபைகால் அறை வெப்பத்தில் இருக்கணும், 400 ஜி விசையில் சுழற்சி, 30 நிமிஷம், பிரேக் அணைத்து. 10 சதவீத டிஎம்எஸ்ஓ (உறையும்போது செல்லைக் காக்கும் திரவம்), நிமிஷத்துக்கு 1 டிகிரி இறங்கும் பெட்டியில் மைனஸ் 80, பிறகு திரவ நைட்ரஜன். டிரை ஐஸில் அனுப்பலாம். உருக்கியபின் ஒரு ராத்திரி ஓய்வு கொடுத்து, உயிருள்ளவற்றை மட்டும் எண்ணிப் போடச் சொல்லுங்க.

சிறுநீரில் சிஎக்ஸ்சிஎல்9, சிஎக்ஸ்சிஎல்10 (அழற்சியைக் காட்டும் புரதங்கள்) பார்ப்பது பயணத்துக்குச் சுலபம்: சுழற்றி, மேல்நீரை உறையவைத்தால் போதும். ஆனால் சிறுநீர்த் தொற்று, பிகே வைரஸ் (மாற்றுக் கிட்னியைத் தாக்கும் வைரஸ்) இரண்டிலும் அது ஏறும். கல்ச்சரும் பிகே பிசிஆரும் கையில் இல்லாமல் அந்த எண்ணைப் படிக்காதீங்க.