ஜப்பானின் கபுகி, நோ நாடகங்களின் தொடக்கத்தில் பெண்கள் இருந்தார்களா?

வெள்ளவத்தை மாணவி:
உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் படிக்கிறேன். கபுகியில் பெண் வேடத்தையும் ஆண்கள்தான் போடுவார்கள் என்று குறிப்பில் இருக்கிறது. ஆனால் கபுகியைத் தொடங்கியதே ஒரு பெண் என்று அக்கா சொல்கிறா. அப்படியென்றால் பெண்கள் எப்படி இல்லாமல் போனார்கள்? நோவிலும் அவர்களுக்குப் பங்கு உண்டா?

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
அக்கா சொன்னது சரி, பிள்ளை. அந்தப் பெண் இசுமோ நோ ஒகுனி. 1603இல் கியோத்தோவில் ஆடிப் பேரெடுத்தவர். காமோ ஆற்றின் வறண்ட படுகைதான் அவருடைய மேடை. ஆண் உடை, இடுப்பில் வாள், கழுத்தில் சிலுவை என்று ஒரு மிடுக்கான இளைஞனாக வந்து தேநீர்க்கடைப் பெண்ணோடு சரசமாடுவார். பழைய ஓவியங்களில் அந்தச் சிலுவையை வடிவாகப் பார்க்கலாம்.

பிறகு விலைமாதர் விடுதிகளும் குழுக்களை இறக்கின. பார்க்க வந்தவர்கள் தங்களுக்குள் அடிபட்டார்கள். 1629இல் அரசு பெண்கள் மேடையேறுவதையே தடைசெய்தது. அந்த இடத்துக்கு வந்த இளம் பையன்களுக்கும் 1652இல் தடை. அதற்குப் பிறகு வளர்ந்த ஆண்கள்தான். பெண் வேடமிடும் ஒன்னகாத்தா மரபு இந்தத் தடைகளால் வேரூன்றியது. இதைச் சொல்லாமல் அந்த மரபின் அழகை மட்டும் படிப்பிப்பதை என்னால் ஏற்க முடியாது.

நோவில் நீங்கள் தேட வேண்டிய பெயர் ஒத்தோசுரு. குசெமாய் என்ற ஆடல்பாடலில் தேர்ந்த பெண். நோ நாடக ஆசிரியர் செயாமியின் தகப்பன் கன்னாமி அவரிடம் அதைக் கற்றுத் தன் நாடகத்தில் சேர்த்தார். இனிய மெட்டையே நம்பியிருந்த பாட்டுக்கு அழுத்தமான தாளம் அப்படித்தான் வந்தது. நோ நாடகங்களில் ‘குசே’ என்று ஒரு பகுதி வரும், பாடற்குழு கதையின் உயிரான இடத்தைப் பாடும். ஒத்தோசுரு கொடுத்த சொத்து அது.

பம்பலப்பிட்டி வாசகன்:
அதற்கும் முன்னால் சிரபியோசி என்ற ஆடலை ஆடிய பெண்கள் இருந்தார்கள், ரீச்சர். ஆண்களின் உயரத் தொப்பியும் வாளும் அணிந்து ஆடியவர்கள். அவர்களில் ஒருவரான சிசுகா கோசென் 1186இல் கமக்குராவில், தன் காதலனை வேட்டையாடிக்கொண்டிருந்த ஆட்சியாளர் யொரிதோமோவின் முன்னாலேயே அந்தக் காதலனை நினைத்துப் பாடினார். என்ன துணிச்சல்! நோவில் அவர் பாத்திரமாகவும் வருகிறார்.

வெள்ளவத்தை மாணவி:
நன்றி. இப்போது நோவில் பெண்கள் நடிக்கிறார்களா?

கொட்டாஞ்சேனை ரீச்சர்:
ஓம், 1948இலிருந்து தொழில்முறைக் கலைஞர்களாக ஏற்கப்படுகிறார்கள், ஆனாலும் ஆண்களே அதிகம். கபுகிப் பெருமேடையில் இன்னும் பெரும்பாலும் ஆண்கள்தான். விடை எழுதும்போது ஒகுனியோடு நிறுத்தாமல் ஒத்தோசுருவையும் எழுதுங்கோ.