‘ஃப்ரீ ரெயின்’: கடிவாளமா, ஆட்சியா?

கேள்வி:
சென்ற வாரம் அலுவலகக் கடிதம் ஒன்றில், புதிய குழுவுக்கு ‘ஃப்ரீ ரெயின்’ அளிக்கலாம் என்று எழுதியபோது, ஆட்சியைக் குறிக்கும், ‘ஜி’ எழுத்து வரும் சொல்லை இட்டிருந்தேன். மேலாளர் அந்த ‘ஜி’யைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்பினார். முழு உரிமை தருவதைத்தானே சொல்கிறோம், ஆட்சி என்றால் என்ன பிழை? மேலும், ‘எக்ஸெப்ஷன் ப்ரூவ்ஸ் தி ரூல்’ என்கிறார்களே, விதிக்கு மாறான ஒன்று அவ்விதியை எப்படி மெய்ப்பிக்கும்?

மறுமொழி 1:
மேலாளர் திருத்தியது சரியே. இது குதிரையேற்றத்திலிருந்து வந்த தொடர். கடிவாள வாரை இழுத்துப் பிடிக்காமல் தளரவிட்டால் குதிரை தன் போக்கில் செல்லும். அந்த வாருக்குரிய ஆங்கிலச் சொல்லில் ‘ஜி’ கிடையாது. (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் இதை விளக்குவதே பெரும்பாடாக உள்ளது!) மூச்சை அடக்கிக் காத்திருப்பதைக் குறிக்கும் ‘பேட்டட் ப்ரெத்’ என்பதிலும் இதே தொல்லைதான். குறைத்தல் என்று பொருள்படும் ‘அபேட்’ என்பதன் குறுக்கம் அது. ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில் ஷைலாக் என்ற பாத்திரத்தின் வசனத்தில் வருகிறது. நடுவில் ஓர் ‘ஐ’யைச் சேர்த்துவிட்டால், தூண்டில் இரை மாட்டிய மூச்சாகிவிடும்.

இரண்டாவது தொடரில் ‘ப்ரூவ்’ என்பதற்குச் ‘சோதித்தல்’ என்ற பழைய பொருளைக் கொண்டால் சிக்கல் தீர்ந்துவிடும்.

மறுமொழி 2:
கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். ‘ப்ரூவ்’ என்பதற்கு அப்படியொரு பழைய பொருள் இருந்தது உண்மை; ஆனால் இத்தொடர் லத்தீன் சட்ட மொழியிலிருந்து வந்தது, அங்கே விதிவிலக்கு என்பது விதியை மீறிய நிகழ்ச்சியன்று, எழுத்தில் வெளிப்படையாகக் கொடுக்கப்பட்ட விலக்கு. கி.மு. 56இல், இன்றைய ஸ்பெயினின் காதிஸ் நகரைச் சேர்ந்த பால்பஸ் என்பவர் ரோமானியக் குடியுரிமை பெற்றது செல்லாது என்று தொடுக்கப்பட்ட வழக்கில், ரோமானியப் பேச்சாளரும் வழக்கறிஞருமான சிசரோ அவருக்காக வாதாடினார். சில இனத்தாருடன் செய்த உடன்படிக்கைகளில் ‘இவர்களுக்குக் குடியுரிமை இல்லை’ என்று தனியே விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. அவ்வாறு எழுதப்படாத இடத்தில் குடியுரிமை வழங்கலாம் என்றுதானே ஆகிறது என்பது அவர் வாதம்.

கேள்வி கேட்டவர்:
எங்கள் அலுவலகச் சுற்றறிக்கையில் ‘வெள்ளிக்கிழமை மட்டும் சீருடை வேண்டியதில்லை’ என்றுள்ளது. மற்ற நாள்களில் சீருடை கட்டாயம் என்று எங்குமே எழுதவில்லை, ஆனாலும் அதில் யாருக்கும் ஐயம் வந்ததில்லை. இது பொருந்துமா?

மறுமொழி 2:
மிகச் சரியாகப் பொருந்தும். என் எடுத்துக்காட்டைவிட இதுவே எளிது.