தென்னை மட்டை விழுந்த சத்தத்தில் தூக்கிப் போட்டுவிட்டது: இளங்குதிரையை விற்பதா, வைத்துக்கொள்வதா?

வாய்க்கால்மேடு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஆனைமலைப் பக்கம் எங்கள் தோப்பு. கோயம்புத்தூரில் சவாரி கற்றுக்கொண்டேன். அங்கே இருந்ததெல்லாம் வயதான, நன்றாகப் பழகிய குதிரைகள். அப்புறம் சொந்தமாக ஒரு பெண் குதிரை வாங்கினேன். பெயர் செம்பி. கத்தியவாரி கலப்பு, காது நுனி இரண்டும் உள்பக்கமாக வளைந்து ஒன்றையொன்று தொடும். ஐந்து வயது முடிந்தது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இப்போது கால்நடை மருத்துவர் உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, முன்வரிசையில் ஓரப் பற்கள் இன்னும் பால் பற்கள்தான், நாலரை தாண்டியிருக்காது என்கிறார்.

வேலிக்குள் செம்பியைப் போல ஒரு நல்ல குதிரை கிடையாது. சேணம் போட நிற்பாள், டிராட் (மெல்லோட்டம்) போவாள், சொன்ன இடத்தில் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை காலை பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரையில் கூட்டிப் போனேன். வலது பக்கம் தண்ணீர், இடது பக்கம் தோப்பு. நடையில்தான் போய்க்கொண்டிருந்தோம். எங்கேயோ மேலே மட்டை முறியும் சத்தம் கேட்டது. அவள் காது இரண்டும் பின்னால் திரும்பின, கழுத்து உயர்ந்தது, எனக்குக் கீழே அவள் முதுகு பலகை மாதிரி இறுகிப்போனது. மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை. காய்ந்த மட்டை சரசரவென்று இறங்கிப் பின்னால் விழுந்ததுதான் தாமதம், தண்ணீர்ப் பக்கமாக ஒரே தாவல். ஒரு கால் அங்கவடியிலிருந்து (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) கழன்றுவிட்டது. அடுத்தது தலையைக் கீழே விட்டுப் பின்னங்காலை உதறினாள். வலது கையை ஊன்றிச் சரளைமேல் விழுந்தேன். ஹெல்மெட் போட்டிருந்தேன், பக்கவாட்டில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. செம்பி பக்கத்துத் தோட்டத்தில் போய் நின்றுகொண்டாள். அவளுக்கு அடி எதுவும் இல்லை.

மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அன்றைக்கே எக்ஸ்ரே எடுத்தோம், முறிவு இல்லை என்றார்கள். வீட்டில் எல்லோரும் விற்றுவிடு என்கிறார்கள். மாமனார் வந்து பார்த்துவிட்டு, அவள் உடம்பில் இருக்கிற முடிச்சுழி சரியில்லை என்கிறார். எனக்கு அவளை விட மனசில்லை. கெட்ட எண்ணத்தோடு அவள் எதுவும் செய்யவில்லை என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் அவள்மேல் மறுபடி ஏறி உட்காருவதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது, அதுவும் உண்மை. குதிரை பழக்கியவர்கள் சொல்லுங்கள், இவளை வெளிவழிக்குப் பழக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

எலும்பு பிசியோ

குதிரையைப் பிறகு பார்ப்போம், முதலில் உங்கள் கை. கட்டைவிரலை நன்றாக விரித்து நீட்டினால் அதன் அடியில் ஒரு சிறு குழி தெரியும். அந்தக் குழியில் இன்னொரு கை விரலால் அழுத்திப் பாருங்கள். அங்கே சுருக்கென்று வலித்தால் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். கையை ஊன்றி விழுபவர்களுக்கு அடிக்கடி வருவது இது. முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகும். அதனால்தான் அந்த இடத்தில் வலி இருந்தால் கட்டு போட்டுவிட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி படம் எடுப்பார்கள். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமல் நின்றுவிடும், பிறகு கடிவாளம் பிடிப்பதே சிரமமாகிவிடும். "முறிவு இல்லை" என்ற ஒரு சொல்லோடு தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஹெல்மெட்டில் கீறல் என்றால் தலையும் மோதியிருக்கிறது. தலைவலி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால், தூக்கக் கலக்கமோ குழப்பமோ இருந்தால் உடனே மருத்துவமனை. லேசான தலைச்சுற்றல் மட்டும்தான் என்றாலும் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை எந்தக் குதிரைமேலும் ஏற வேண்டாம். சரளையில் தோல் உரிந்திருந்தால் டி.டி. ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். ரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் குதிரைச் சாணத்திலும் இருக்கும்.

பழைய லாடம்

அம்மணி, கையைக் காட்டிட்டு வாங்க, பிசியோ தம்பி சொன்னது முக்கியம். அப்புறம் நான் சொல்றதைக் கேளுங்க. தாராபுரம் பக்கம், அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் குதிரை உண்டு.

சுழி பார்க்கிற வழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போனால் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பதே அதைத்தான். உங்கள் மாமனார் அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் நீங்கள் எழுதியதில் எனக்குத் தெரிவது வேறு. மருத்துவர் பல்லைப் பார்த்தது சரி. குதிரைக்கு முன்வரிசையில் நடுப்பல் இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அதற்கடுத்தது மூன்றரையில், ஓரப்பல் நாலரையில். ஆக செம்பி இன்னும் குழந்தைப் பருவம் தாண்டாதது. முதுகெலும்பு முழுசாக முற்ற ஐந்தரை, ஆறு வயது ஆகும். அதோடு இந்தப் பல் மாறுகிற காலத்தில் ஈறெல்லாம் நோகும். கடிவாளக் கம்பி படுகிற இடத்தில் சிறு பல் ஏதாவது முளைத்திருக்கிறதா, கடைவாயில் கூர் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சேணத்தை எடுத்ததும் முதுகில் கையை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது தோல் துடித்தாலோ முதுகைத் தாழ்த்தினாலோ அந்தச் சேணம் அதற்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். வலியோடு இருக்கிற குதிரை பயந்தால் இரண்டு மடங்கு உதறும்.

உடம்பில் கோளாறு இல்லை என்றால் மீதி வேலை காலில் நடந்து செய்ய வேண்டியது. வேலிக்குள் நல்ல குதிரை என்று சொன்னீர்களே, அது உண்மைதான். ஏனென்றால் வேலிக்குள் இருக்கிற ஒவ்வொரு பொருளையும் அது ஆயிரம் முறை பார்த்திருக்கிறது. வெளியே அதற்கு எல்லாமே முதல் முறை. கண் தலையின் இரண்டு பக்கத்திலும் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை அதற்குத் தெரியும், நேர் பின்னால் மட்டும் தெரியாது. உங்கள் மட்டை விழுந்தது அந்த இடத்தில். பின்னாலிருந்து சத்தம் வந்தால் முதலில் ஓடு, பிறகு பார் என்றுதான் அதன் பிறவி சொல்லும்.

கை ஆறும்வரை ஏற வேண்டாம். நம்பிக்கையான ஓர் ஆளை வைத்து, நீளமான கயிற்றில் அதே வாய்க்கால் கரைக்கு நடத்திக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். நீங்கள் கூட நடங்கள், கயிற்றைத் தொடாதீர்கள். ஆள் தண்ணீர்ப் பக்கம் நிற்கக் கூடாது. நின்று பார்க்க நினைத்தால் பார்க்க விடுங்கள், தலையைத் தாழ்த்தி மூச்சை நீளமாக விடும்வரை அவசரப்படுத்த வேண்டாம். போகும்போது கண்டுகொள்ளாத மோட்டார் ரூம் திரும்பி வரும்போது பயமுறுத்தும். அது மறுபக்கத்திலிருந்து வேறு மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் போக, வர இரண்டும் பழக்கம்.

இனி மட்டை. காய்ந்த மட்டை ஒன்றை ஒருவர் இழுத்துக்கொண்டு முன்னால் போகட்டும், செம்பி தூரத்தில் பின்னால் வரட்டும். மட்டையை அதன்மேல் கொண்டுபோகக் கூடாது, மட்டை அதைவிட்டு விலகிப் போக வேண்டும். ஓடிப்போகிற பொருளைப் பார்த்தால் எந்தக் குதிரைக்கும் பயம் குறைந்து ஆசை வரும். கொஞ்ச நாளில் தானாகவே கிட்டே போய் மூக்கால் தள்ளும். அதற்குப் பிறகுதான் பக்கவாட்டில், கடைசியாகத்தான் பின்னால். ஊரில் வயதான, அசையாத குதிரை யாரிடமாவது இருந்தால் அதன் பின்னால் நடத்துங்கள். பத்து ஆள் சொல்லிக் கொடுக்கிறதை ஒரு கிழட்டுக் குதிரை சொல்லிக் கொடுக்கும்.

மெல்போர்ன் சவாரி

அக்கா, ஐயா சொன்ன தரைப் பயிற்சி அத்தனையும் சரி. ஒரு இடத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். தரைப் பயிற்சி முடிந்ததும் முதலில் மேலே ஏறுவது நீங்களாக இருக்கக் கூடாது. இளங்குதிரைகளை வெளியே ஓட்டிப் பழகிய ஒருவர் இரண்டு மூன்று மாதம் ஓட்டட்டும். குதிரை பயந்தால் நீங்கள் இறுகுவீர்கள், நீங்கள் இறுகினால் குதிரை இன்னும் பயப்படும். இருவரில் ஒருவருக்காவது நிதானம் தெரிந்திருக்க வேண்டும். நான் இங்கே மூன்று வயதில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் குதிரை வைத்திருக்கிறேன், யூகலிப்டஸ் காட்டுப் பாதையில் கங்காருவைக் கண்டு அது செய்யாத கூத்து இல்லை. ஒரு பயிற்சியாளர் ஓட்டித் தந்த பிறகுதான் நான் தனியாகப் போனேன். அப்படி ஓர் ஆள் உங்கள் ஊரில் கிடைக்கவே இல்லை என்றால், நல்ல கையில் விற்பதும் செம்பிக்குச் செய்கிற நன்மைதான். வீட்டார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள்.

அந்த ஹெல்மெட்டை இனிப் போடக் கூடாது. உள்ளே இருக்கும் நுரை ஒரே அடியில் நசுங்கி வேலையை முடித்துவிடும், வெளியே கீறல் மட்டும்தான் தெரியும். புதிதாக வாங்கும்போது குதிரைச் சவாரிக்கென்றே உள்ள ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 முத்திரை பாருங்கள். சைக்கிள் ஹெல்மெட் போதாது. குதிகால் உள்ள ஷூ போடுங்கள், கால் அங்கவடிக்குள் முழுசாக நுழைந்து மாட்டிக்கொண்டால் இழுத்துக்கொண்டே ஓடும். விழுந்தால் தானாகக் கழன்றுகொள்ளும் அங்கவடியும் கிடைக்கிறது. கழுத்தில் ஒரு தோல் வார் கட்டி வையுங்கள். குதிரை தாவும்போது கை தானாகக் கடிவாளத்தை இழுக்கும், அதற்குப் பதில் வாரைப் பிடிக்கலாம், குதிரையின் வாய் தப்பிக்கும்.

வாய்க்கால்மேடு

எல்லோருக்கும் நன்றி. கட்டைவிரல் அடியில் அழுத்தினால் உயிர் போகிறது. நாளைக்கே எலும்பு மருத்துவரிடம் போகிறேன். உடுமலையில் ஒருவர் இளங்குதிரை ஓட்டிப் பழக்குகிறார் என்று மருத்துவர் சொன்னார், அவரிடம் பேசுகிறேன். ஐயா, இரண்டு சந்தேகம். செம்பிக்குக் கொள்ளும் கடலையும் தாராளமாகத்தான் போடுகிறோம், இனி சில வாரம் வேலையே இல்லாமல் நிற்பாள், அதைக் குறைக்கலாமா? இன்னொன்று, தாவி ஓட ஆரம்பித்தால் எப்படி நிறுத்துவது? இரண்டு கையாலும் இழுத்தேன், நிற்கவே இல்லை.

பழைய லாடம்

கட்டாயம் குறைங்க அம்மணி. வேலை இல்லாத குதிரைக்குக் கொள்ளு ஏறினால் உடம்பு முழுக்கத் துள்ளல்தான். புல்லும் வைக்கோலும் வயிறு நிறையக் கொடுங்கள், தானியத்தை ஒரு வாரத்தில் படிப்படியாக இறக்குங்கள். கட்டியே போடாமல் வேலிக்குள் திரிய விடுங்கள்.

இரண்டு கையால் இழுத்தால் குதிரை அந்தக் கம்பிமேல் சாய்ந்துகொண்டு இன்னும் வேகமாகத்தான் போகும். ஒரு பக்கக் கடிவாளத்தை மட்டும் சுருக்கித் தலையை உங்கள் முழங்கால் பக்கம் மடக்க வேண்டும். பின்னங்கால் குறுக்கே விலகிப்போகும், தள்ளுகிற பலம் போய்விடும், நின்றுவிடும். இதை நின்ற இடத்திலேயே இரண்டு பக்கமும் பழக்குங்கள், பிறகு நடையில், பிறகு டிராட்டில். ஓட ஆரம்பித்த முதல் அடியிலேயே செய்தால்தான் பலிக்கும். முழு வேகத்தில் சட்டென்று மடக்கினால் குதிரையே சாய்ந்து விழும், அப்போது பெரிய வட்டமாகத் திருப்பிச் சின்னதாக்கிக்கொண்டே வர வேண்டும். வாய்க்கால் கரையில் அதற்கு இடம் கிடையாது. ஆகவே முதல் சவாரி அங்கே வேண்டாம். அறுப்பு முடிந்த சோளக்காடு ஏதாவது பாருங்கள். உடுமலைக்காரர் முதலில் அங்கே ஓட்டட்டும், நீங்கள் வரப்பில் நின்று பாருங்கள்.